சுவரை விட்டுப் பிரியாத இதழ்

நோய்களுக்குப் பெயரிடும் வழக்கத்தில் ஒரு விந்தை உண்டு. நோயைச் சுமந்தவரின் பெயர் நோய்க்குப் பெரும்பாலும் அமைவதில்லை; அதைக் கண்டு எழுதியவரின் பெயரே அமைகிறது. பார்க்கின்சன் நோய் என்கிறோம். அல்சைமர் நோய் என்கிறோம். அம்மருத்துவர்களின் முன்னே நடுங்கும் கைகளோடு நின்றவர் யார், நினைவு தப்பி அமர்ந்திருந்தவர் யார் என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. புத்தகங்களில் பெயர் நிலைக்கிறது. படுக்கையில் கிடந்தவர் மறைந்து போகிறார்.

இதய மருத்துவத்திலும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது: எப்ஸ்டைன் குறைபாடு. பிறக்கும்போதே இதயத்தின் ஒரு வால்வு இடம் தவறி அமைந்துவிடும் நிலை இது. மிக அரிதானது. பிறவி இதயக் குறைகள் அனைத்தையும் சேர்த்து நோக்கினால், நூற்றுக்கு ஒன்று என்னும் கணக்குக்கும் உட்பட்டது. இத்துணை அரிய ஒன்றைப் பற்றி இப்பக்கங்களில் எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். இதன் வரலாற்றுக்குள் நம் அனைவரையும் தொடும் ஒரு கேள்வி இருக்கிறது என்பதே நமது விடை. தீர்க்க வழியே இல்லாத துன்பத்தை அருகிருந்து ஊன்றிப் பார்ப்பதால் என்ன பயன்? நோயுற்றோரைச் சந்திக்கச் செல்பவர், நோயுற்ற பிள்ளையை வளர்ப்பவர், முதிய பெற்றோரின் படுக்கையருகே அமர்ந்திருப்பவர் என எல்லாரும் ஒருநாள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. இந்த வால்வின் கதை அதற்கு ஒரு விடை தருவதாக நாம் எண்ணுகிறோம்.

வால்வும் அதன் குறையும்

முதலில் குறை இன்னதென்று தெளிவாக்கிக் கொள்வோம். நமது இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன: மேலே இரண்டு, கீழே இரண்டு. உடலெங்கும் சுற்றி வந்த அசுத்த இரத்தம் வலது மேலறையில் சேர்கிறது. அங்கிருந்து வலது கீழறைக்கு இறங்குகிறது. கீழறை சுருங்கி அதனை நுரையீரலுக்கு அனுப்புகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மூன்று இதழ்கள் கொண்ட ஒரு கதவு இருக்கிறது. மூவிதழ் வால்வு என்பது அதன் பெயர். இரத்தம் கீழே இறங்கத் திறப்பதும், மேலே திரும்பாதபடி மூடிக்கொள்வதும் அதன் வேலை. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை இவ்வேலையை அது செய்கிறது.

இக்கதவு கருவிலே உருவாகும் விதம் வியப்புக்குரியது. இதழ்கள் வேறெங்கோ முளைத்து வந்து சுவரில் பொருந்துவதில்லை. கீழறையின் உட்சுவரிலிருந்தே அவற்றின் பெரும்பகுதி உரிந்து பிரிகிறது. வாழை மரத்திலிருந்து மட்டை உரிவதைப் போன்றது இது. அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி உரிந்து வந்து, இரு அறைகளும் சந்திக்கும் விளிம்பிலே நின்றுவிட வேண்டும். அப்போதுதான் இதழ் தளர்வாகத் தொங்கி, திறக்கவும் மூடவும் இயலும். தான் கருவுற்றிருப்பதைத் தாய் உறுதியாக உணரும் அந்தத் தொடக்க வாரங்களிலேயே இந்த நுண்பணி நடந்தேறுகிறது.

எப்ஸ்டைன் குறைபாட்டில் இந்தப் பணி பாதியிலே நின்றுவிடுகிறது. இரு கீழறைகளையும் பிரிக்கும் இடைச்சுவரை ஒட்டிய இதழும் பின்புற இதழும் சுவரை விட்டு முழுமையாகப் பிரிவதில்லை. ஆகவே அவற்றின் கீல், இருக்கவேண்டிய விளிம்பில் இல்லாமல் கீழறைக்குள்ளே இறங்கிக் கிடக்கிறது. முன்புற இதழ் மட்டும் பெரும்பாலும் பிரிந்து, பாய்மரத்துணிபோல் அளவுக்கு மீறிப் பெரிதாகி நிற்கிறது. சிலரிடம் அதில் ஓட்டைகளும் இருக்கும்.

கதவு உள்ளே தள்ளி அமைந்துவிட்ட வீட்டை எண்ணிப் பாருங்கள். கதவுக்கு வெளியே அகப்பட்டுக்கொண்ட இடம் கூடமாகவும் பயன்படுவதில்லை, திண்ணையாகவே கிடக்கிறது. அவ்வாறே கீழறையின் ஒரு பகுதி மேலறையோடு சேர்ந்துவிடுகிறது. அதன் சுவரும் மெலிந்து போகிறது. மிஞ்சிய சிறிய கீழறை முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டியிருக்கிறது. கதவு சரியாக மூடாததால் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. மேலறை புடைத்து விரிகிறது. இரு மேலறைகளுக்கும் நடுவே, கருவில் எல்லாருக்கும் இருந்து பிறந்தபின் அடைபடும் ஒரு சிறு வழி, இவர்களில் பலருக்குத் திறந்தே இருந்துவிடுகிறது. அதன் வழியாக அசுத்த இரத்தம் இடப்பக்கம் கடந்துவிடும்போது உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. போதாக்குறைக்கு, இதயத்தின் மின்துடிப்பைக் கடத்தும் கூடுதல் பாதை ஒன்றும் சிலருக்கு அமைந்து, திடீர்ப் படபடப்பை உண்டாக்குகிறது.

ஆயினும் இக்குறை எல்லாரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. தாயின் வயிற்றிலேயே சிசு இறந்துபோகும் அளவுக்குக் கடுமையாகவும் இருக்கலாம். முதுமை வரை ஒருவர் அறியாமலே சுமந்து திரியும் அளவுக்கு மெல்லியதாகவும் இருக்கலாம். 79 வயது வரை வாழ்ந்த ஒருவரைப் பற்றி 1956ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்று எழுதியது. 85 வயது முதியவர் ஒருவரைப் பற்றி 1979இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். பிறந்தவுடன் நீலமாக இருந்த குழந்தை, நுரையீரலின் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிய விரிய, சில நாள்களில் நிறம் தேறுவதும் உண்டு. ஒரே பெயர் கொண்ட குறை, ஒருவருக்கு மரண ஓலையாகவும் மற்றொருவருக்கு நீண்டநாள் துணையாகவும் அமைகிறது.

பிரெஸ்லாவ் நகரில் ஓர் இளைஞன்

இனி வரலாற்றுக்கு வருவோம். அன்று பிரஷ்ய நாட்டுக்கு உட்பட்டிருந்த சிலேசியாவின் தலைநகர் பிரெஸ்லாவ். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1945 முதல் அது போலந்து நாட்டில் உள்ளது; இன்று அதன் பெயர் விரோட்சுவாஃப். அந்நகரில் 'சகல புனிதர்கள்' என்னும் பெயர் கொண்ட மருத்துவமனை ஒன்று இருந்தது. 1864ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் 19 வயதுக் கூலித் தொழிலாளி ஒருவன் அங்கே சேர்க்கப்பட்டான். யோசேப்பு என்பது அவன் பெயர். சிறு வயது முதலே அவனுக்கு மூச்சுத் திணறலும் நெஞ்சுப் படபடப்பும் இருந்தன. உடல் நீலம் பாய்ந்திருந்தது, கழுத்து நரம்புகள் இதயத்தின் ஒவ்வொரு துடிப்போடும் துள்ளின, இதயம் பெருத்திருந்தது. நெஞ்சில் இத்தகைய குறையோடு அவன் உடலுழைப்பால் பிழைத்து வந்தான் என்பதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூட்டை தூக்குபவனுக்கும் மண் வெட்டுபவனுக்கும் மூச்சுதான் மூலதனம். அந்த மூலதனமே குறைந்து பிறந்தவன் அவன்.

அவனைக் கவனித்த மருத்துவர் வில்ஹெல்ம் எப்ஸ்டைன். 1836 நவம்பர் 27 அன்று, அதே சிலேசியாவின் யாவர் என்னும் ஊரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் படித்து 1859இல் பட்டம் பெற்றவர். நோயாளி வந்தபோது அவருக்கு வயது 27.

அன்றைய மருத்துவரின் கையில் என்ன கருவி இருந்தது? எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட இன்னும் 31 ஆண்டுகள் இருந்தன. இதயத் துடிப்பை வரைபடமாக்கும் ஈ.சி.ஜி. கருவி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. 1816இல் பிரான்சில் லாயென்னெக் உருவாக்கிய ஸ்டெதஸ்கோப்பு இருந்தது. மார்பை விரலால் தட்டி ஓசையை அறியும் முறை இருந்தது. கண்ணும் காதும் கையும் இருந்தன. அவ்வளவுதான். மருந்தென்று சொல்லத்தக்க எதுவும் அந்த வால்வைச் சீராக்கப் போவதில்லை. சில நாள்களில் யோசேப்பு இறந்து போனான்.

இங்கேதான் இக்கதையின் திருப்பம். சாவோடு ஏட்டை மூடிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருக்கலாம். எளிய தொழிலாளி ஒருவனின் சாவை யார் வினவப் போகிறார்கள்? எப்ஸ்டைன் அப்படிப் போகவில்லை. உடலைத் திறந்து, இதயத்தைப் பொறுமையாக ஆராய்ந்தார். முன்புற இதழ் பெருத்து, ஓட்டைகளோடு இருந்ததைக் கண்டார். மற்ற இரண்டு இதழ்களும் வளர்ச்சி குன்றித் தடித்து, கீழறைச் சுவரோடு ஒட்டிக் கிடந்ததைக் கண்டார். கீழறையின் மேற்பகுதி மெலிந்து விரிந்து மேலறையோடு ஒன்றாகிவிட்டதையும், மேலறைகளின் நடுவே வழி அடைபடாமல் இருந்ததையும் குறித்தார். அம்மட்டில் நில்லாமல், இறந்தபின் கண்ட இந்த அமைப்பு, உயிரோடிருந்தபோது அவன் பட்ட துன்பங்களை எவ்வாறு விளைவித்தது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினார். கழுத்து நரம்பு ஏன் துள்ளியது, உடல் ஏன் நீலமாயிற்று என்பதற்கெல்லாம் காரணம் அந்தக் கையளவு உறுப்பில் எழுதப்பட்டிருந்தது. 1866ஆம் ஆண்டில் 17 பக்கக் கட்டுரையாக அது வெளிவந்தது. மூவிதழ் வால்வின் கடுமையான பிறவிச் சிதைவால் நேர்ந்த மிக அரிய ஒரு நேர்வு என்பதே தலைப்பின் சாரம்.

எவருக்கும் அதனால் உடனடிப் பயன் விளையவில்லை. யோசேப்பு திரும்பி வரவில்லை. அடுத்து அதே குறையோடு பிறந்தவனையும் எவரும் காப்பாற்றியிருக்க முடியாது. எப்ஸ்டைனுமே அக்கட்டுரையைத் தமது வாழ்வின் சாதனையாகக் கருதியதாகத் தோன்றவில்லை. 1874இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றார். கீல்வாதம், உடற்பருமன், நீரிழிவு ஆகியவற்றைப் பற்றியே பெரிதும் எழுதினார், புகழும் பெற்றார். முதுமையில் அவர் மனம் மறைநூலின் பக்கம் திரும்பியது. பழைய ஏற்பாட்டில் காணும் மருத்துவத்தைப் பற்றி 1901இலும், புதிய ஏற்பாட்டிலும் தல்மூதிலும் காணும் மருத்துவத்தைப் பற்றி 1903இலும் நூல்கள் வெளியிட்டார். 1912 அக்டோபர் 22 அன்று காலமானார். எதனால் உலகம் தம்மை நினைவுகூரப் போகிறதோ, அதை அறியாமலே அவர் கண்மூடினார்.

நீண்ட மௌனம்

அக்கட்டுரை நெடுங்காலம் பழைய தாள்களுக்கிடையே உறங்கிற்று. ஆங்காங்கே சில மருத்துவர்கள், பிரேதப் பரிசோதனையின்போது இத்தகைய இதயத்தைக் கண்டு எழுதினார்கள். 1927இல்தான் ஆர்ன்ஸ்டைன் என்னும் மருத்துவர் இதற்கு 'எப்ஸ்டைன் நோய்' என்று பெயர் சூட்டினார். அப்போது எப்ஸ்டைன் இறந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. யோசேப்பு இறந்து 63 ஆண்டுகள்.

பிறவி இதயக் குறைகள் அந்நாளில் மருத்துவர்களால் பெரிதும் புறக்கணிக்கப்பட்டிருந்தன. ஒன்றும் செய்ய இயலாததைப் படித்து என்ன பயன் என்பது பலருடைய எண்ணம். அந்த எண்ணத்தை எதிர்த்து நின்றவர்களுள் இரு பெண்கள் குறிப்பிடத்தக்கவர்கள். கனடா நாட்டின் மொன்றியல் நகரில் மாட் அபட் அம்மையார் மருத்துவ அருங்காட்சியகம் ஒன்றைப் பேணி வந்தார். கண்ணாடிக் குடுவைகளில் இருந்த குறையுள்ள இதயங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1,000 நேர்வுகளைத் தொகுத்து, 1936இல் ஒரு விளக்கப்பட நூலாக வெளியிட்டார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹெலன் டவுசிக் அம்மையார் நீலம் பாய்ந்த குழந்தைகளுக்காகவே உழைத்தார். அவருக்குச் செவிப்புலன் குறைந்திருந்தது. ஸ்டெதஸ்கோப்பில் கேட்க முடியாததை அவர் குழந்தையின் மார்பில் கைவைத்து உணர்ந்தார். நீலக் குழந்தைகளுள் ஒரு வகையினருக்கு உதவும் அறுவை சிகிச்சை அவரது கருத்திலிருந்து பிறந்து, 1944 நவம்பர் 29 அன்று முதன்முதலாக நடந்தது. அன்றிலிருந்து நிலை மாறியது. செய்வதற்கு ஏதோ ஒன்று உண்டு என்றானதும், எந்தக் குழந்தைக்கு எந்தக் குறை என்று பிரித்தறிவது உயிரைக் காக்கும் அறிவாயிற்று.

எப்ஸ்டைன் குறையை உயிரோடிருக்கும் ஒருவரிடம் முதன்முதலாகக் கண்டறிந்தவர்கள் பிரான்சு நாட்டின் தூர்னியேரும் அவருடைய தோழர்களும் ஆவர். ஆண்டு 1949. மறு ஆண்டே மேரி ஆலன் எங்கல் அம்மையார், டவுசிக் முதலியோருடன் சேர்ந்து, மூன்று நோயாளிகளைக் கொண்டு இக்குறையின் அடையாளங்களை வகுத்து எழுதினார். யோசேப்பு இறந்த 1864இலிருந்து 1949 வரை 85 ஆண்டுகள். அதுவரை இறந்தவரின் உடலிலே மட்டும் படிக்கப்பட்ட பாடம், அப்போதுதான் வாழ்பவரின் முகத்தில் படிக்கப்பட்டது. 1953இல் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்சும் ஒலி அலைகளைக் கொண்டு இதயத்தைக் காணும் முறையைத் தொடங்கி வைத்தனர். அதன் வளர்ச்சியால் இன்று வால்வின் கீல் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதை ஒரு துளி இரத்தம் சிந்தாமல் அளக்கிறார்கள். தாயின் வயிற்றிலுள்ள சிசுவிடத்திலும் காண்கிறார்கள்.

விட்டுப்போன பணியை முடித்தல்

1953 மே 6 அன்று, பிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன் என்பவர், இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, 18 வயதுப் பெண்ணொருத்தியின் இதயத்தைத் திறந்து அதிலிருந்த ஓட்டையை அடைத்தார். திறந்த இதய அறுவைக்குக் கதவு திறந்தது. எப்ஸ்டைன் குறைபாட்டுக்கு முதலில் வந்த வழி, பழுதான வால்வை நீக்கிச் செயற்கை வால்வு பொருத்துவது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் கிறிஸ்டியான் பார்னார்டும் ஷ்ரயரும் இதைச் செய்து 1963இல் எழுதினர். இதயமாற்று சிகிச்சையால் 1967இல் உலகப் புகழ் பெற்றவர் இதே பார்னார்டுதான்.

ஆனால் செயற்கை வால்வு வளரும் குழந்தையோடு வளர்வதில்லை. உலோக வால்வானால் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து உண்ணவேண்டும். விலங்குத் திசுவால் ஆனதென்றால் சில ஆண்டுகளில் தேய்ந்து போகும். ஆகவே உள்ள வால்வையே சீராக்க முடியுமா என்று அறுவை மருத்துவர்கள் சிந்தித்தார்கள். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் டேனியல்சன் 1972 முதல், பெரிதான முன்புற இதழ் ஒன்றையே முழுக் கதவாக இயங்கச் செய்யும் முறையைக் கையாண்டார். பாரிசு நகரின் கார்ப்பந்தியே, குறையின் கடுமையை நான்கு வகையாகப் பிரித்து, இதழ்களை உரிய விளிம்புக்கு உயர்த்தித் தைக்கும் முறையை 1988இல் வெளியிட்டார்.

இவற்றின் வழியே வந்தது பிரேசில் நாட்டின் ஜோசே பெத்ரோ ட சில்வா 1993இல் தொடங்கிய முறை. 40 நோயாளிகளிடம் கண்ட பயனை அவர் 2007இல் எழுதினார். சுவரோடு ஒட்டிக் கிடக்கும் இதழ்த் திசுவை அவர் கத்திமுனையால் பக்குவமாக உரித்தெடுக்கிறார். உரித்தெடுத்த எல்லாவற்றையும் சுற்றி வளைத்து, ஒன்றோடொன்று தைத்து, கூம்பு வடிவாக்கி, அதன் அகன்ற வாயை உண்மையான விளிம்பிலே பொருத்துகிறார். நோயாளியின் சொந்தத் திசுவினாலேயே புதிய வால்வு உருவாகிறது. இன்று பல நாடுகளில் இம்முறை கைக்கொள்ளப்படுகிறது.

இதில் பொதிந்துள்ள பொருத்தத்தை வாசகர் கவனித்திருப்பார்கள். கருவறையில் எந்த வேலை பாதியில் நின்றதோ, அதே வேலையைத்தான் அறுவை மருத்துவர் தொடர்ந்து முடிக்கிறார். உரியாத இதழை உரித்து, சேரவேண்டிய விளிம்பில் சேர்க்கிறார். எந்த இதழ் ஒட்டியிருக்கும், எந்த இதழ் தளர்ந்திருக்கும், சுவர் எங்கே மெலிந்திருக்கும் என்னும் நிலப்படத்தை முதன்முதலில் வரைந்து கொடுத்தது யார்? 1864இல் ஒரு தொழிலாளியின் இதயத்தைக் கையில் ஏந்திய அந்த 27 வயது மருத்துவர். அவருடைய பார்வைக்கும் ட சில்வாவின் ஊசிக்கும் இடையே 129 ஆண்டுகள் ஓடின. அந்தப் பார்வை வீண்போகவில்லை, காத்திருந்தது.

யார் குற்றம்?

இந்த வரலாற்றில் மற்றொரு பாடமும் இருக்கிறது. குறையோடு பிள்ளை பிறந்தால் உலகம் முதலில் கேட்பது, 'யார் குற்றம்?' என்பதே. கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தாள் என்பார் நம் ஊரில் சிலர். தின்னக்கூடாததைத் தின்றாள் என்பார் சிலர். முன்னோர் செய்த பாவம் என்பாரும் உண்டு. எப்படிச் சுற்றினாலும் பழி பெரும்பாலும் தாயின் தலையிலேயே வந்து விழுகிறது.

அறிவியலும் ஒரு காலத்தில் இந்தப் பழிக்குத் துணைபோக நேர்ந்தது. மனநோயின் கொந்தளிப்பை அடக்க லித்தியம் என்னும் மருந்து பயன்படும் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் அறிவித்தார். அதை உட்கொண்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்யும் ஏடு ஒன்று 1968இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்த 225 குழந்தைகளில் 18 பேருக்கு இதயக் குறை இருந்தது. அவர்களில் 6 பேருக்கு எப்ஸ்டைன் குறை. இத்துணை அரிய குறை ஆறு பேருக்கா என்று மருத்துவ உலகம் திடுக்கிட்டது. இம்மருந்து ஆபத்தை நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்கும் என்ற அச்சம் பரவியது. ஆனால் அந்த ஏட்டில் ஓர் உள்ளார்ந்த குறை இருந்தது. மருத்துவர்கள் தாமாக அனுப்பிய தகவல்களே அதில் இருந்தன. நலமாகப் பிறந்த குழந்தையைப் பற்றி யார் கடிதம் எழுதுவார்? குறையோடு பிறந்ததைப் பற்றியே மிகுதியாக எழுதினார்கள்.

பிற்கால ஆய்வுகள் அந்தக் கணக்கைப் படிப்படியாகத் திருத்தின. அமெரிக்காவில் 13 லட்சத்துக்கு மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, தொடக்க மாதங்களில் லித்தியம் உட்கொள்வதால் குழந்தைக்கு இதயக் குறை நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 1.65 மடங்காக உயர்கிறது என்றும், மருந்தின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்றும் கண்டது. ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருளன்று. அஞ்சிய அளவில் இல்லை என்பதே பொருள். மருந்தை நிறுத்தினால் தாயின் மனநிலை குலைந்து உயிருக்கே இடர் நேரலாம் என்பதையும் எடைபோட வேண்டும். ஆகவே அவரவர் மருத்துவரோடு கலந்து முடிவு செய்ய வேண்டியது இது. மேலும், எப்ஸ்டைன் குறையோடு பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோரின் தாய்மார் அந்த மருந்தைக் கண்ணாலும் கண்டதில்லை. சில குடும்பங்களில் மரபணு மாற்றம் காணப்படுகிறது. மற்றப் பெரும்பாலோரிடம் சுட்டிக்காட்டத்தக்க காரணம் ஒன்றுமே இல்லை. தாயின் நடை, உணவு, நினைப்பு எதுவும் அந்த இதழைச் சுவரோடு ஒட்ட வைக்கவில்லை.

பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் கண்டு, இது யார் பாவத்தின் விளைவு என்று சீடர்கள் கேட்ட காட்சியை நற்செய்தியில் நாம் அறிவோம். அந்தக் கேள்வியையே ஆண்டவர் மறுத்தார். குறையுற்றவரை நோக்கியே திரும்பினார். பழி யாருடையது என்று கேட்பவரின் கண் பெற்றோர்மேல் பாய்கிறது. பிள்ளையின் மேல் விழுவதில்லை. எப்ஸ்டைன் அன்று அந்த இளைஞனை நோக்கிக் கேட்டது 'யார் குற்றம்?' என்றன்று, 'இவனுக்கு என்ன நேர்ந்திருக்கிறது?' என்றே கேட்டார். முதற்கேள்வி 2,000 ஆண்டுகளாக எவரையும் குணப்படுத்தவில்லை. இரண்டாவது கேள்வி, மெதுவாகவேனும், குணத்திற்கு வழி திறந்தது.

நமக்கு என்ன?

இன்றும் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. பிறந்தவுடனே கடுமையாக வெளிப்படும் நிலையில் மருத்துவம் இன்னும் போராடிக்கொண்டுதான் இருக்கிறது. மெல்லிய குறையுள்ளோர் பலருக்கு அறுவையே வேண்டியதில்லை. காலந்தோறும் பரிசோதனை செய்துகொண்டால் போதும். குழந்தையின் உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்கும்போது மூச்சு வாங்கினாலோ, ஓடியாடும் பிள்ளை மற்றவரைவிட விரைவில் களைத்து அமர்ந்தாலோ, காலம் தாழ்த்தாமல் இதய மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பதைப் பெற்றோர் மனத்தில் இருத்திக்கொள்ளட்டும்.

ஆனால் தொடக்கத்தில் எழுப்பிய கேள்வி மிஞ்சி நிற்கிறது. மாற்ற முடியாத துன்பத்தின் அருகே இருப்பதால் என்ன பயன்? மருத்துவர் கைவிரித்த வீட்டுக்குச் செல்லும்போது நம் கால்கள் தயங்குகின்றன. சொல்ல வார்த்தையில்லை, கொடுக்க மருந்தில்லை, போய் என்ன செய்வது என்று வாசலோடு திரும்பிவிடத் தோன்றுகிறது. பிரெஸ்லாவ் மருத்துவமனையில் நடந்தது நமக்குச் சொல்வது இதுதான்: பார்ப்பதும் ஒரு பணி. அவசரமின்றி, முகம் திருப்பாமல், இவருக்கு எங்கே வலிக்கிறது, எதனால் வலிக்கிறது என்று கவனிப்பது, அந்த மனிதரைப் பொருட்படுத்தத் தக்கவராக ஏற்பதாகும். அதன் பயன் நம் கண்முன்னே விளையாமற் போகலாம். நாம் அறியாத ஒருவருக்கு, நாம் அறியாத ஓர் ஆண்டில் விளையலாம். விளையாவிட்டாலும், ஒருவர் தனியே துன்புறாமல் இருந்தார் என்பது சிறிய காரியமன்று.

நோய்க்கு எப்ஸ்டைன் பெயர் நிலைத்தது முறையே. எனினும் அந்த அறிவுக்கு விலை கொடுத்தவன் 19 வயதில் மூச்சடங்கிய தொழிலாளிதான். இன்று எங்கோ ஒரு சிறுமி, சீராக்கிய இதயத்தோடு பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஓடுகிறாள். அவளுக்கு யோசேப்பு என்னும் பெயர் தெரியாது. தெரிந்துகொண்ட நாம் அவனை ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.